குட்டி ஆமையும் அம்மாவின் பொருத்தனையும்

கட்டைவிரலால் அழுத்தினால் ஓடு உள்ளே போயிற்று. விரலை எடுத்ததும் உடனே எழும்பவில்லை. மழைக்காலத்தில் டப்பாவை மூட மறந்ததால் நமுத்துப்போன அப்பளம் எப்படி யோசித்து யோசித்து நிமிருமோ, அப்படி நிமிர்ந்தது. கறுப்பும் பழுப்புமாக, முதுகில் மூன்று வரப்புகளும் ஓரத்தில் மங்கலான மஞ்சள் கோடுமாக இருந்த அந்த ஓட்டைத் தொட்டால், பாசியும் பழஞ்சோறும் கலந்த ஒரு வாடை விரலில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாடையோடுதான் நான் ஐந்தாம் வகுப்பில் பாதியைப் படித்தேன். ஆமைக்குக் கெட்டியான ஓடு உண்டு, ஆபத்து வந்தால் அதற்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டுக் கற்பித்திருந்தார்கள். என் ஆமைக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை.

சாந்தோம் பக்கத்து மயிலாப்பூரில், கடலின் சத்தம் கேட்கும் ஆனால் கடல் தெரியாத ஒரு தெருவில் எங்கள் வீடு. அப்பா மாதா கோயில் பங்குப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அப்பா, அம்மா, என்னைவிடப் பதினோரு வயது மூத்த அண்ணன் சவரிமுத்து, நான், இவ்வளவுதான் குடும்பம். அண்ணன் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு இரண்டு வருஷம் மனுப் போட்டுப் பார்த்தான். யுத்தம் ஒன்று நடந்துகொண்டிருந்த புண்ணியத்தால் பட்டாளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மலேயாவுக்குக் கப்பலேறுவதற்கு முந்தின வாரம், கோயில் தோட்டத்துக் குட்டையிலிருந்து இந்த ஆமைக் குட்டியை எடுத்துவந்தான். ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றே பெரியது. கிணற்றில் ஆமை விடுவது அப்போது இந்தப் பக்கத்து வழக்கம். புழு பூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்பார்கள். எங்கள் கிணற்றிலிருந்த பழைய ஆமை, தூர் வாரின ஆட்களோடு எப்படியோ வெளியேறியிருந்தது.

"இப்பவே வுட்டா வாளி பட்டே செத்துடும்" என்றான் அண்ணன். "ஓடு நல்லா கெட்டியாவட்டும், அப்புறம் கெணத்துல வுடு. நான் வர்றதுக்குள்ள இவ்ளோ பெரிசாயிடும்" என்று புதிதாகக் கிடைத்த தொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினான். பேர் வைக்கலாமா என்று கேட்டேன். பேர் வைத்தால் அப்புறம் ஞானஸ்நானம் கேட்கும், சும்மா இரு என்றான்.

முதல் சில மாதங்கள் ஆமை நன்றாகவே இருந்தது. நன்றாக இருப்பதற்குக் காரணம் தேடுகிறவர்கள் யார்? பின்கட்டு அறையின் ஜன்னலடியில் ஒரு பழைய எனாமல் பேசினில், ஏறி உட்கார ஓர் ஓட்டுத் துண்டோடு அதை வைத்திருந்தேன். காலை வெயில் ஜன்னல் வழியாக நேரே பேசினில் விழும். அது ஓட்டுத் துண்டின்மேல் ஏறி, பின்னங்கால்களை நீட்டிக்கொண்டு, பென்ஷன் வாங்கின மனிதனைப்போலக் கிடக்கும். அம்மா நெத்திலி ஆய்கிறபோது கிள்ளிப் போடும் தலைகளை நான் பொறுக்கிவந்து போடுவேன். அந்தச் சிறிய வாய்க்குள் முள் நொறுங்குகிற சத்தம், காதைப் பக்கத்தில் வைத்தால் கேட்கும். எதிர்வீட்டு மாமி மட்டும், ஆமை இருக்கிற இடத்தில் குடித்தனம் விளங்காது என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா அதையெல்லாம் அஞ்ஞானிகளின் பேச்சு என்று ஒதுக்கிவிட்டாள். நமக்கு அந்த மாதிரி மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது என்று எனக்கும் விளக்கினாள்.

பிறகு சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அண்ணனிடமிருந்து கடிதம் நின்றது. அதை ஒட்டி எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டுமே மிகவும் நல்ல எண்ணத்தோடு நடந்தவை.

ஒன்று, அப்பா தெருவுக்கு 'வார்டன்' ஆனார். விமானம் குண்டு போட வந்தால் வீட்டு விளக்கு வெளியே தெரியக்கூடாது என்பது உத்தரவு. மற்ற வீடுகளில் சாயங்காலம் ஜன்னலில் கறுப்புக் காகிதத்தை மாட்டிக் காலையில் கழற்றினார்கள். தினமும் மாட்டிக் கழற்றுவதில் என்றாவது ஒருநாள் மறதி வரும், வார்டன் வீட்டிலேயே மறதி வரலாமா என்று அப்பா மைதாப் பசை காய்ச்சி நிரந்தரமாக ஒட்டிவிட்டார். வெளிச்சம் வெளியே போகக்கூடாது என்றுதான் உத்தரவில் இருந்தது. உள்ளே வரக்கூடாது என்று இல்லை. உத்தரவைவிட ஒரு படி அதிகமாகக் கீழ்ப்படிகிறவர்களை நான் பிற்காலத்தில் செயலகத்தில் நிறையப் பார்த்தேன். முதலில் பார்த்தது வீட்டில். பின்கட்டு அறை பகலிலும் இருண்டது. முற்றத்தில் வைக்கலாமென்றால் காக்கை. ஒருமுறை பேசினிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கூரையிலிருந்து போட்டே விட்டது. வைக்கோல் குவியலில் விழுந்ததால் தப்பித்தது.

இரண்டாவது, அம்மாவின் பொருத்தனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், தலை முக்காட்டைக்கூட எடுக்காமல், மூத்தவன் திரும்பி வரும்வரை மீன், கறி, முட்டை எதுவும் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டாது என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வந்திருப்பதாக அறிவித்தாள். மற்ற வீடுகளில் அம்மாக்கள் தாங்கள் மட்டும் சாப்பிடாமல் இருப்பதாக வேண்டிக்கொள்வார்கள். எங்கள் அம்மா வாசற்படியையே நேர்ந்துவிட்டாள். என் நெஞ்சுச் சளிக்காக வாங்கி வைத்திருந்த மீனெண்ணெய்க் குப்பி அன்றே தெருக்கோடிச் சாக்கடையில் கவிழ்ந்தது. பாதிப் பட்டணம் குண்டுக்குப் பயந்து மூட்டை கட்டி ரயிலேறியபோதும் நாங்கள் போகவில்லை. அவன் வந்தால் பூட்டின வீட்டையா பார்ப்பான் என்று அம்மா கேட்டுவிட்டாள்.

ஆமைக்குச் சோறும், வெந்த கீரையும், இட்லித் துண்டும் போட்டேன். தின்றது. நாலைந்து மாதத்தில் ஓரத் தகடுகள் மேல்நோக்கிச் சுருள ஆரம்பித்தன. பிறகு ஒருநாள் தூக்கும்போது விரல் பதிந்தது. நடக்கும்போது வயிறு தரையில் தேய்ந்தது. பேசினின் ஓட்டுத் துண்டின்மேல் ஏறப் பார்க்கும், கால் வழுக்கும், மறுபடி ஏறப் பார்க்கும். பிறகு அந்த முயற்சியையும் விட்டுவிட்டது.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஓடு என்பது சுண்ணாம்புச் சத்து, சுண்ணாம்பு குறைந்திருக்கிறது, குறைந்ததைச் சேர்க்க வேண்டும் என்றார். வழியெல்லாம் சரி, விடை மட்டும் தப்பு. வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து ஆமையின் முதுகில் தடவினார். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரைப்போல அது இரண்டு நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தது, நான் கழுவிவிட்டேன். குளத்தங்கரைப் பக்கத்து மருந்துக்கடைக் கம்பவுண்டரிடம் சட்டைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கால் வளைகிறதே அதே வியாதிதான், மீனெண்ணெய் தினம் இரண்டு சொட்டுக் கொடு என்றார். நோயைச் சரியாகச் சொன்ன ஒரே ஆஸ்தான வைத்தியர் அவர்தான்; அவர் சொன்ன மருந்துதான் வாசற்படி தாண்ட முடியாது.

எங்கள் தெருவில் மீன் கொண்டுவருகிற அஞ்சலை குப்பத்துக்காரி. பொருத்தனைக்குப் பிறகு எங்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம், "இன்னா, வாத்தியாரூடு ஐயரூடாயிட்ச்சா?" என்று உரக்கக் கேட்டுவிட்டுத்தான் போவாள். அன்று மருந்துக்கடையிலிருந்து திரும்பிவந்த என்னைத் தெருக்கோடியில் நிறுத்தி, சட்டைப் பைக்குள் என்ன அசைகிறது என்று பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆமையை உள்ளங்கையில் கவிழ்த்து, நிமிர்த்தி, முதுகை அமுக்கினாள்.

"இன்னா நைனா இது, ஓடு கொயகொயன்னு கீது. சோத்தப் போட்டுக்கினு இருந்தா ஓடு வருமா? முள்ளோட துன்னணும், வெயில்ல கெடக்கணும். இருட்டுல வெச்சிக்கினு கீறியே, அது இன்னா பல்லியா?"

கூடையின் அடியிலிருந்து நசுங்கின நெத்திலி நாலைந்தை எடுத்து மணலில் போட்டாள். ஆமை கழுத்தை நீட்டியது. அந்தப் பழைய சத்தத்தை நான் பல மாதம் கழித்துக் கேட்டேன்.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. பொருத்தனையின் வாசகத்தை நான் மனத்துக்குள் பல தடவை படித்துப் பார்த்தேன். மீன் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்றுதான் இருந்தது. வாசற்படிக்கு வெளியே யார் எதைத் தின்னலாம் என்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டதால் பள்ளி அரைநாளோடு முடிந்துவிடும். நான் ஆமையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருக்கோடி மணலுக்குப் போவேன். அஞ்சலை போகிற போக்கில் இரண்டு நெத்திலியைப் போடுவாள். அது தின்றுவிட்டு வெயிலில் கிடக்கும். நான் காக்கை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். கையைக் கடல்மணலில் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். ஒரு மாதத்துக்கு மேல் இப்படி நடந்தது. ஓரத் தகடுகளில் ஒரு விறைப்பு வந்தது. நடுமுதுகு இன்னும் இளக்கம்தான். ஆனாலும் ஒருநாள் நகத்தால் தட்டியபோது 'டக்' என்று, மிகவும் சின்னதாக, ஒரு சத்தம் வந்தது. அண்ணனுக்கு எழுத முகவரி இருந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

மறுநாள் மணலிலிருந்து திரும்பியபோது, அப்பா பள்ளிக்கூட உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பட்டாளத்து ஆபீஸிலிருந்து வந்த அச்சுக் கடிதம். பேருக்கும் நம்பருக்கும் மட்டும் இடம் விட்டு, அதில் டைப் அடித்திருந்தார்கள். காணவில்லை என்று இருந்தது. அவ்வளவுதான். அப்பா அதை மூன்றாம் தடவையாக ஆரம்பத்திலிருந்து படித்தார், எங்கேயோ கூட்டல் தப்பாகியிருக்கும் என்பதுபோல.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, என் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வைத்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"கையில என்னடா வாடை?"

"நான் திங்கலம்மா. ஆமைதான் திங்குது. வெளியிலதான் குடுத்தேன். வாசப்படி தாண்டலை."

அம்மா என் சட்டைப் பையைப் பார்த்தாள். அது அசைந்துகொண்டிருந்தது.

"வயித்துக்குள்ள வெச்சு உள்ள கொண்டாந்துட்டியேடா" என்றாள்.

திட்டவில்லை. அடித்திருந்தால் கோபப்படவாவது எனக்கு ஏதாவது மிச்சமிருந்திருக்கும். நான் வாசகத்தை எவ்வளவோ நுணுக்கமாகப் படித்திருந்தேன். இந்த ஒரு வழி எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு மாதமாக, நாள் தவறாமல், மீன் வாசற்படியைத் தாண்டிக்கொண்டிருந்தது, என் சட்டைப் பையில், ஆமையின் வயிற்றில். அம்மா மிகவும் சாதாரணமாக, கடைக்குப் போகிறாயா என்று கேட்கிற குரலில் கேட்டாள்: "அண்ணன் வரணுமா, வேணாமா?"

வரணும் என்றேன்.

இதற்குப் பிறகும் நான் சில வழிகளில் முயன்றேன் என்பதைப் பதிவுக்காகச் சொல்லவேண்டும். வாசற்படிக்கு வெளியே, தெருவை ஒட்டி, ஒரு மண்சட்டியில் ஆமையை வைத்துப் பார்த்தேன். மறுநாள் காலை எதிர்வீட்டு மாமி, "இவர் ஆபீஸ் கிளம்பற நேரம், இதும் மூஞ்சிலயா முழிச்சுண்டு போவார்?" என்று அப்பாவிடமே கேட்டுவிட்டாள், வார்டன் தெருவோடு சண்டை போட முடியாது. அஞ்சலையிடமே கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போன அன்று, தெருக்கோடியில் முள்கம்பி போட்டுச் சிப்பாய் ஒருவன் நின்றிருந்தான். கடற்கரைக்கு யாரும் போகக்கூடாது என்றான். குப்பத்துக்காரர்கள் வேறு பக்கமாகப் போய்விட்டார்கள் என்றான். எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அஞ்சலை எங்கள் தெருவுக்கு வருவது அதோடு நின்றது.

கடைசியாக, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கக் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம், என் ஆமைக்கு மீன் கொடுத்தேன் என்றேன். அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. அதில் என்ன பாவம் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் பொருத்தனை அம்மாவுக்கும் மாதாவுக்கும் நடுவே இருப்பது, அதை மூன்றாம் ஆளிடம் சொல்லலாமா கூடாதா என்பது எனக்கு நிச்சயமில்லை. ஒரு கேள்விக்குப் பதிலில்லாவிட்டால் அந்த மனு எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாதாவுக்கு மூன்று 'பிரியதத்த மந்திரம்' சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் மறுபடி சோறு போட்டேன். வேறு என்ன செய்ய? அது தின்னவில்லை. அது தின்னாததில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது: ஒவ்வொரு நாளும் அந்த வயிற்றில் மிச்சமிருந்த மீன் குறைந்துகொண்டு வருகிறது, ஒவ்வொரு நாளும் அண்ணன் ஒரு அடி கிட்டே வருகிறான் என்று கணக்குப் போட்டேன். ஐப்பசி மழையில் ஒரு காலை, கழுத்தை நீட்டியபடியே அசையாமல் இருந்தது. கையில் எடுத்தபோது ஓடு இலையைப்போல மடிந்தது. மதில் ஓரத்தில், வாசற்படிக்கு வெளியே, புதைத்தேன். அப்பா இரண்டு நாள் கழித்துப் பேசின் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கிணற்றில் விட்டுவிட்டேன் என்றேன். நல்லது என்றார்.

அடுத்த வருஷம் ஒரு அட்டை வந்தது. அண்ணன் ஜப்பான்காரனிடம் கைதியாக இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். பதில் அட்டையில் இத்தனை வார்த்தைக்கு மேல் எழுதக்கூடாது என்று விதி. அப்பா கரும்பலகையில் எழுதி எழுதி அழித்து, வார்த்தைகளை எண்ணிச் சேர்த்தார். அம்மா நலம், தம்பி படிக்கிறான் என்றெல்லாம் போட்ட பிறகு கொஞ்சம் இடம் இருந்தது. அவன் சந்தோஷப்படுவான் என்று சொல்லி, ஆமை கிணற்றில் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை எடுத்துவிடச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். வார்த்தைகளை இன்னொரு தடவை எண்ணி, கணக்குச் சரி என்றேன்.

யுத்தம் முடிந்து அண்ணன் வந்தான். சட்டைக்குள் யாரோ குச்சிகளைப் போட்டுக் கட்டி அனுப்பியது போலிருந்தான். நடக்கும்போது முழங்கால் உள்ளே மடிந்தது, நாலு பல் ஆடியது. அம்மா அன்று மூன்று வருஷத்துக்கு மேல் தொடாத சட்டியைத் துலக்கி மீன் குழம்பு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்ததும் ஒரு மீன்தலையை எடுத்துக்கொண்டு எழுந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிணற்றடிக்குப் போய், எட்டிப் பார்த்து, அதை உள்ளே போட்டான். "கேம்ப்ல அப்பா கார்டு வந்துச்சு" என்றான் என்னிடம். "நம்ம வீட்ல ஒண்ணாவது நல்லா இருக்குன்னு நெனச்சிப்பேன்."

அன்று முதல் எத்தனையோ வருஷம், வீட்டில் மீன் வாங்கிய நாளெல்லாம், அவன் ஒரு தலையைக் கிணற்றுக்குக் கொண்டுபோனான். தண்ணீர் நாறுகிறது என்று அம்மா முனகுவாள். ஆனாலும் அவனைத் தடுக்கமாட்டாள். ஆமை தலை தூக்கியதைப் பார்த்ததாகக்கூட அவன் ஓரிரு தடவை சொன்னான். இருக்கலாம், கிணற்றில் எது எதுவோ விழுந்து வளரும்.

இப்போது நான் பெருங்குடியில் மகள் வீட்டில், எட்டாவது மாடியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வெளிநாட்டு ஆமை ஒன்று வைத்திருக்கிறான்; அதற்குத் தனி விளக்கு, தனி மாத்திரை, ஓடு கல் மாதிரி இருக்கிறது. நம் ஊர்க் குளத்து ஆமையை வீட்டில் வைத்திருந்தால் இன்று சட்டப்படி குற்றம். எடுப்பதற்கு அந்தக் குட்டையும் இல்லை, விடுவதற்குக் கிணறும் இல்லை. எங்கள் கிணற்றை மூடிய இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டேன். குட்டி ஆமைக்கு வெயிலும் மீன்முள்ளும் இல்லாவிட்டால் ஓடு இளகும். திருச்சபைச் சட்டப்படி ஒருவர் செய்த பொருத்தனை அவரை மட்டுமே கட்டும், வீட்டிலுள்ள மற்றவர்களைக் கட்டாது, அவர்களுடைய ஆமையையும் கட்டாது. தகுந்த காரணம் காட்டினால் குருவானவர் வழியாக அதை மாற்றிக்கொள்ளவும் முடியும். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் நான் எந்த முடிவுக்கு வரப் பார்த்தாலும், அண்ணன் திரும்பி வந்தான் என்ற ஒரு வரி குறுக்கே கிடக்கிறது. அம்மா கடைசிவரை அந்த வரியைத்தான் சாட்சியாகக் காட்டினாள். மறுத்து எழுத என்னிடம் எதுவும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு அண்ணன் படுத்த படுக்கையானபோது அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் மத்தியானம், தூங்குகிறான் என்று நான் எழுந்தபோது கண்ணைத் திறந்தான்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நீ கெணத்துல வுட்டப்போ, ஓடு நல்லா கெட்டியாயிடுச்சில்ல?"

"கல்லு மாதிரி இருந்துச்சுண்ணே" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனும் போய்விட்டான். அந்த ஆமை நன்றாக இருந்தது என்று நம்புகிறவர்கள் இப்போது யாரும் இல்லை.